கேட்ஸ்ஹெட் கார் நிறுத்தமும் ஜாக் கார்ட்டரும்

2010 கோடையில் வட இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரத்தின் நடுவிலிருந்த டிரினிட்டி ஸ்கொயர் கார் நிறுத்தத்தை இடிக்க ஆரம்பித்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூகாசலில் கட்டடப் பொறியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வாடகை குறைவு என்பதால் கேட்ஸ்ஹெட்டில் அறை. தினமும் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் பாலத்துக்குப் போவேன். மழைநீர் வழிந்து கறுத்துப்போன கான்கிரீட், அடுக்கடுக்காக, மேலே ஒரு பெட்டி உட்கார்ந்திருப்பதுபோல மேல்தளம். அது எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் அதை எதற்காக இத்தனை பேர் நின்று படமெடுக்கிறார்கள் என்று புரியவில்லை. மாலை வேலைக்குப் போன கடையில் உடன் வேலை பார்த்த பெரியவர்தான், “முழுசாக இடிப்பதற்குள், இந்தக் கட்டடம் வரும் ‘கெட் கார்ட்டர்’ படத்தைப் பார்த்துவிடு” என்றார். அன்று இரவே பார்த்தேன். அதற்குப் பிறகு ஐந்தாறு முறை பார்த்துவிட்டேன். போன வாரம் 2022இல் வந்த 4கே பதிப்பில் மறுபடியும் பார்த்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

கதை முழுவதையும் பேசப்போகிறேன், முடிவு உட்பட. படத்தைப் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

1971இல் வந்த படம். இயக்குநர் மைக் ஹாட்ஜஸுக்கு இது முதல் திரைப்படம். அதற்கு முன் தொலைக்காட்சியில் இருந்தார். டெட் லூயிஸ் எழுதிய நாவலிலிருந்து திரைக்கதையையும் அவரே எழுதினார். ஜாக் கார்ட்டர் லண்டனில் ஒரு ரவுடிக் கும்பலுக்கு வேலை செய்பவன். சொந்த ஊரான நியூகாசலில் கூடப்பிறந்த ஃபிராங்க் செத்துப்போகிறான். குடித்துவிட்டுக் கார் ஓட்டியதில் நடந்த விபத்து என்கிறார்கள். ஃபிராங்க் அப்படிக் குடிப்பவன் அல்ல. முதலாளிகள் போகாதே என்று சொல்லியும் கார்ட்டர் ரயில் ஏறுகிறான். அவ்வளவுதான் கதையின் தொடக்கம்.

அந்த ரயில் பயணத்தை அதற்காகவே தனியாகப் பார்க்கலாம். ராய் பட் இசை. மொத்த இசைக்கும் ஒதுக்கிய பணம் 450 பவுண்டு என்று சொல்வார்கள். ஒரு கை ஹார்ப்சிகார்ட் என்ற பழைய காலத்துக் கட்டை வாத்தியத்தில், இன்னொரு கை மின் பியானோவில் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் வாசித்தாராம். கீழே டபுள் பாஸ், கூடவே தபலா. வட இங்கிலாந்துக்குப் போகும் ரயிலில் தபலா கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் தண்டவாளச் சத்தத்தோடு அது ஒட்டிக்கொள்கிறது, பிரித்தே கேட்க முடியாது. அதற்கப்புறம் படத்தில் இசை மிகக் குறைவு. காற்று, காலடி, கார்க் கதவு, மதுக்கடைப் பேச்சு, இவைதான்.

கார்ட்டராக வரும் மைக்கேல் கெய்ன் இதில் நடிக்கிறார் என்றே தோன்றாது. கண்ணை அதிகம் சிமிட்டாமல், குரலை உயர்த்தாமல் பேசுகிறார். ஊருக்கு வந்து இறங்கியதும் ஒரு மதுக்கடைக்குள் நுழைந்து பியர் கேட்கிறார். மெல்லிய கண்ணாடிக் கோப்பையில் வேண்டும் என்று விரலைச் சொடுக்குகிறார். அங்கே எல்லாரும் கைப்பிடி வைத்த தடித்த கோப்பையில் குடிப்பவர்கள். அந்த ஒரு வரியில் இவன் ஊரை விட்டுப் போய் எவ்வளவு காலமாகிவிட்டது, இந்த ஊரை இப்போது எப்படிப் பார்க்கிறான் என்று எல்லாம் வந்துவிடுகிறது. அவன் பக்கத்தில் நின்று குடிக்கும் மனிதருக்குக் கையில் ஆறு விரல். நடிகர் இல்லை, நிஜமான முகம். இப்படி நிஜ மனிதர்கள் படம் முழுக்க இருக்கிறார்கள். நடனக்கூடத்தில், பந்தயக் கடையில், வரிசை வீடுகளின் பின்சந்தில் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள். ஒளிப்பதிவாளர் வொல்ஃப்காங் சுஷிட்ஸ்கி வியன்னாவில் பிறந்தவர், ஆவணப்படங்களில் வேலை செய்து பழகியவர். முகங்களையும் துவைத்துக் காயப்போட்ட துணிகளையும் அவர் பிடித்திருக்கும் விதத்தில் அந்தப் பழக்கம் தெரிகிறது.

ஒரு குறை சொல்ல வேண்டும். கார்ட்டர் நியூகாசலில் பிறந்து வளர்ந்தவன். கெய்ன் பேசுவதோ சுத்தமான லண்டன் பேச்சு. அந்த ஊரில் ஒரு வருடம் வாழ்ந்த எனக்கு அது உறுத்துகிறது. கடைப் பெரியவருக்கும் அதே மனக்குறை. ஊர்ப் பேச்சு தாயின் முகம் மாதிரி, லண்டன் போனால் மறந்துவிடுமா என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். படத்தின் முதல் காட்சியில் லண்டன் முதலாளிகளின் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஆபாச ஸ்லைடுகளைத் திரையில் போட்டுப் பார்க்கிறார்கள். கார்ட்டரும் அங்கே இருக்கிறான். அவனுக்கு அது பழகிப்போன மாலைப்பொழுது. அவன் சாப்பிடும் சோறு இந்த மாதிரித் தொழிலிலிருந்துதான் வருகிறது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, கிளெண்டா என்ற பெண்ணின் கட்டிலில் கிடந்தபடி அங்கிருக்கும் புரொஜெக்டரை ஓட்டுகிறான். முதலில் சாதாரணமாகத்தான் பார்க்கிறான். அந்தப் படத்துக்குள் ஃபிராங்கின் மகள் டோரீன் வருகிறாள், பள்ளி வயதுப் பெண். கெய்னின் முகத்தில் எதுவும் மாறவில்லை, கண்ணீர் மட்டும் வழிகிறது. அவள் கார்ட்டரின் சொந்த மகளாகவே இருக்கலாம் என்பதற்கும் படத்தில் சாடை உண்டு.

முதல் தடவை பார்த்தபோது அழுகிற மனிதனைப் பார்த்து நானும் கலங்கினேன். மூன்றாவது தடவைதான் அந்த முதல் காட்சி நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது. அங்கே திரையில் தெரிந்தவர்களும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள்தானே. தன் வீட்டுப் பெண் என்றதும்தான் அவனுக்கு அது குற்றமாகத் தெரிகிறது. ஹாட்ஜஸ் இதை ஒரு வசனத்தில்கூடச் சொல்லவில்லை. இரண்டு திரைகளையும் காட்டிவிட்டு விலகிக்கொள்கிறார். எத்தனையோ பழிவாங்கும் படங்களில் நம்மை நாயகன் பக்கம் உட்கார வைத்துக் கைதட்ட விடுவார்கள். இதில் கை மேலே எழாது.

அதற்குப் பிறகு அவன் செய்வதைப் பாருங்கள். அந்த ஆபாசப் படத்தில் இருந்த ஆல்பர்ட் கெஞ்சுகிறான், கத்தி இறங்குகிறது. கிளெண்டாவைக் காரின் பின்பெட்டியில் அடைக்கிறான். கார்ட்டரைத் தேடி வந்த ஆட்கள் அந்தக் காரை ஆற்றுக்குள் தள்ளுகிறார்கள். உள்ளே அவள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே நிற்கிறான். ஃபிராங்கின் காதலி மார்கரெட்டுக்குச் செய்வதை எழுதவே கை வரவில்லை. பெண்களைப் படம் நடத்தும் விதம் பற்றிக் கோபப்படுகிறவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன், பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கொடுமைகளுக்கு எங்கேயும் வீர இசை ஒலிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

வில்லன் கின்னியராக வருபவர் நாடகாசிரியர் ஜான் ஆஸ்போர்ன். சீட்டாடிக்கொண்டே முணுமுணுப்பாகப் பேசுகிறார், காதைக் கூர்மையாக்கினால்தான் கேட்கும், அதுவே பயமாக இருக்கிறது. கின்னியரின் ஆளாக இயன் ஹென்ட்ரி நடித்த எரிக், ஓட்டுநர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இன்னும் மோசமானவன். பிரிட் எக்லாண்ட் வரும் தொலைபேசிக் காட்சியைப் பற்றித்தான் பலரும் பேசுவார்கள்; எனக்கு அது அவ்வளவு முக்கியமில்லை.

சரி, கார் நிறுத்தம். 1967இல் திறந்தது, படம் பிடித்தபோது அதற்கு மூன்று வயதுதான். ஓவன் லூடர் நிறுவனத்தில் ராட்னி கார்டன் வடிவமைத்தது. படத்தில் பிரம்பி என்ற சூதாட்ட இயந்திரத் தொழிலதிபர் அதன் உச்சியில் உணவகம் கட்டக் கனவு காண்கிறான். நிஜத்திலும் அந்த மேல்தளம் அதற்காகத்தான் இருந்தது, கடைசிவரை திறக்கவே இல்லை. கார்ட்டர் அவனை அங்கிருந்து தூக்கி எறிகிறான். கீழே ஒரு தாயும் பிள்ளைகளும் இருக்கும் கார்மேல் போய் விழுகிறான். மேலே நிற்கும் கட்டடக் கலைஞர்கள் இருவருக்கும் தங்கள் கட்டணம் வராதே என்ற கவலை. படித்த படிப்பின் காரணமாக எனக்கு இந்த இடம் ஒவ்வொரு முறையும் சுடும். இடிந்த கான்கிரீட்டைத் தகர டப்பாக்களில் போட்டு 5 பவுண்டுக்கு விற்றார்கள். நான் வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

கடைசிக் காட்சி எடுத்த பிளாக்ஹால் கடற்கரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறிப் போனேன். படத்தில் சுரங்கக் கழிவை இரும்புத் தொட்டிகள் கம்பிவடத்தில் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் கொட்டிக்கொண்டே இருக்கும். கரையே கறுப்பாக இருக்கும். ஃபிராங்குக்கு எரிக் செய்ததையே எரிக்குக்குத் திருப்பிச் செய்கிறான் கார்ட்டர்: விஸ்கியை வாயில் ஊற்றுகிறான், துப்பாக்கிக் கட்டையால் அடித்துக் கொல்கிறான், உடலைத் தொட்டியில் போடுகிறான். தொட்டி தன் பாட்டுக்கு நகர்ந்து கடலுக்கு மேல் போய்க் கவிழ்கிறது. கார்ட்டர் சிரிக்கிறான். படம் முழுக்க இறுகியிருந்த முகத்தில் வரும் அந்தச் சிரிப்பு எனக்கு அழுகையைவிடக் கொடுமையாக இருந்தது. நான் போனபோது கம்பிவடம் இல்லை. சுரங்கம் 1981இலேயே மூடிவிட்டது, கரையையும் சுத்தப்படுத்திவிட்டார்கள். பாறைகளுக்கு நடுவில் கறுப்புக் கற்கள் மட்டும் கிடந்தன.

பார்ப்பவர்களுக்கு இரண்டு யோசனைகள். வட்டாரப் பேச்சு கடினம், அங்கேயே இருந்த எனக்கே பாதி புரியவில்லை, ஆகவே எழுத்துத்துணையோடு (சப்டைட்டில்) பாருங்கள். வீட்டில் சிறுவர்கள் இருக்கும்போது வேண்டாம். பிரிட்டனில் இன்னும் 18 வயதுச் சான்றிதழ்தான்.

அப்புறம், படம் முடிந்ததும் எழுந்துவிடாமல் தொடக்கத்தைத் திரும்பப் போடுங்கள். கரையில் கார்ட்டர் துப்பாக்கியைக் கடலில் வீசப்போகும்போது தூரத்திலிருந்து ஒரே குண்டில் சுடுகிறவனின் விரலில் ‘ஜே’ எழுத்து மோதிரம் இருக்கும். ரயில் பெட்டியில் கார்ட்டர் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறான், தபலா ஓடிக்கொண்டிருக்கிறது. அதே பெட்டியில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதனின் கையைப் பாருங்கள்.