கையடக்கக் கன்சோலில் புதையல் வேட்டை: வீட்டாவா, ஸ்விட்ச்சா, டெக்கா?

புதையல் வேட்டை கேம் என்றதும் பெரிய டிவியும் சோபாவும்தான் நினைவுக்கு வரும். தினமும் கிருஷ்ணகிரியில் ஏறி ஓசூரில் இறங்குகிறவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், சுங்கச்சாவடியில் மாட்டினால் இன்னும் கொஞ்சம். அதற்குள் காடு, குகை, இடிந்த கோயில் என்று ஒரு சுற்று போய்வர வேண்டுமென்றால் கையடக்கக் கருவிதான் கதி.

இன்றைக்கு அதற்கு நாலு வழி இருக்கிறது. சோனியின் வீட்டாவில் 'அன்சார்ட்டட்: கோல்டன் அபிஸ்'. நின்டெண்டோ ஸ்விட்ச்சில், புதுப்பித்து வெளியிட்ட 'டூம் ரைடர்' முதல் மூன்று பாகங்கள். வீட்டாவுக்கு முன் சோனி விற்ற கையடக்கக் கருவியான பிஎஸ்பியில் 'டூம் ரைடர்: லெஜண்ட்', 'ஆனிவர்சரி' இரண்டும். கையடக்கக் கணினியான ஸ்டீம் டெக்கில் 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி'. கிராபிக்ஸையும் பிரேம் கணக்கையும் யூடியூபில் ஏகப்பட்ட பேர் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். எனக்கு இரண்டே கேள்விதான். ஓடுகிற பஸ்ஸில் இதை விளையாட முடியுமா? புதையலை நான் தேடி எடுக்கிறேனா, அல்லது கேமே எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறதா?

கோல்டன் அபிஸிலிருந்து தொடங்குவோம். வீட்டா ஜப்பானில் 2011 டிசம்பரில் வந்தபோதே கூட வந்த கேம் இது. மற்ற நாடுகளுக்கு 2012 பிப்ரவரியில் வந்தது. செய்தவர்கள் பெண்ட் ஸ்டுடியோ. பிஎஸ்பியில் 'சைபன் ஃபில்டர்' கேம்களைச் செய்து, சின்னக் கருவியை எப்படிப் பிழிய வேண்டும் என்று கற்றவர்கள். அது திரையில் தெரிகிறது. 5 அங்குல ஓஎல்இடி திரையில் மத்திய அமெரிக்கக் காட்டின் பச்சையும், இலை நடுவே விழுகிற வெயிலும் இன்றைக்குப் பார்த்தாலும் பழசாகவில்லை. 34 அத்தியாயங்கள், பல சின்னச் சின்னவை. இடத்துக்கு இடம் தானாகவே சேவ் ஆகிறது. சூளகிரி வருவதற்குள் ஓர் அத்தியாயத்தை முடித்துவிடலாம். பஸ் நின்றதும் பவர் பட்டனைத் தட்டிப் பைக்குள் போட்டால், மறுநாள் அதே பாறை விளிம்பில் கேமின் நாயகன் டிரேக் தொங்கிக்கொண்டிருப்பான்.

சிக்கல் எங்கே என்றால், இது கேம் மட்டுமல்ல, வீட்டாவுக்கான விளம்பரமும்கூட. புதுக் கருவியில் என்னென்ன வசதி உண்டோ அத்தனையையும் காட்டியே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறார்கள். மரக்கட்டை மேல் நடக்கும்போது டிரேக் தடுமாறுவான், கருவியை இடமும் வலமும் சாய்த்து நிமிர்த்த வேண்டும். வீட்டில் இது ஒரு சின்ன வேடிக்கை. பஸ்ஸில் அப்படியில்லை. டிரைவர் ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றினால் டிரேக் அதலபாதாளத்தில் இருப்பான். கயிறு ஏறப் பின்பக்க டச்சைத் தடவலாம். புதரை வெட்டத் திரையில் கோடு இழுக்க வேண்டும். முக்கியமான கைகலப்புகளில், பட்டனை விட்டுவிட்டு அம்புக்குறி காட்டும் பக்கம் விரலை இழுக்க வேண்டும். வியர்த்த விரல் வழுக்கி, எதிரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் மிச்சம்.

இதில் உச்சம், ஒரு பழைய தாளை வெளிச்சத்தில் பிடித்து மறைந்திருக்கும் எழுத்தைப் பார்க்கும் இடம். நிஜமாகவே கருவியின் கேமராவை ஒரு விளக்குக்கு நேரே காட்ட வேண்டும். பகல் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திருப்பினால் ஒரு நொடியில் முடிந்துவிடும். இரவில் கரண்ட் போன நேரத்தில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவன், செல்போன் டார்ச்சைத் தேட வேண்டியதுதான். சும்மா சொல்லக்கூடாது, யோசனை அபாரம். ஆனால் விளையாட்டின் நடுவே "எழுந்து போய் டியூப்லைட் அடியில் நில்" என்று சொல்கிற கேமை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

எனக்கு மிகவும் பிடித்ததும் இதே தொடு வேலைகளில்தான் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கல்லில் செதுக்கிய உருவத்தின் மேல் தாளை வைத்து, கரியால் தேய்த்துப் படி எடுக்கும் இடங்கள். விரலைத் திரையில் தேய்க்கத் தேய்க்க உருவம் எழும்பி வரும். நம் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. தருமபுரிப் பகுதி நடுகற்களில் உள்ள வட்டெழுத்தைப் படிக்கக் கல்வெட்டு ஆய்வாளர்கள் மைப்படி எடுப்பார்கள். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை மேலே ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, அப்புறம் மையை ஒற்றுவார்கள். சுற்றிலும் கருப்பாகி, எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். துப்பாக்கியும் கையுமாக அலைகிற டிரேக், அந்த வேலைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது இந்த இடங்களில்தான். பெண்ட் ஸ்டுடியோக்காரர்கள் இதையே கேமின் மையமாக வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! வைக்கவில்லை. தேய்த்து முடித்ததும் ஒரு பட்டியலில் டிக் விழுகிறது, அவ்வளவுதான். அந்த உருவத்தைப் படித்து அடுத்த வழியை நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, டிரேக்கும் கூட வரும் மரிசாவும் பேசியே தீர்த்துவிடுகிறார்கள்.

மற்ற புதையல்களும் இதே ரகம்தான். ஓரத்தில் ஏதோ மினுக்கும், கிட்டே போய் பட்டனை அமுக்கினால் கிடைத்துவிடும். சில பொருள்களைச் சுட்டு வீழ்த்தப்பட்ட ஆட்கள்தான் கீழே போடுவார்கள், எது விழும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஸ்பானிய வீரர்கள் தேடிய தங்க நகரம், மார்கோஸ் டி நீசா என்ற பாதிரியார் விட்டுப்போன தடயம் என்று கதையில் சரக்கு இருக்கிறது. அந்தப் பாதிரியார் வரலாற்றில் நிஜமாகவே இருந்தவர். 1539இல் சிபோலா என்ற நகரத்தைக் கண்டதாக அறிக்கை கொடுத்து, ஒரு பெரும் படையையே வெறுங்கையோடு திரும்ப வைத்தவர். இவ்வளவு நல்ல ஆளைப் பிடித்துவிட்டு, விளையாடுகிறவனின் மூளைக்கு வேலை கொடுக்காமல் விட்டதுதான் என் குறை.

ஸ்விட்ச் பக்கம் வந்தால் கதை தலைகீழ். 'டூம் ரைடர் 1-3 ரீமாஸ்டர்டு' 2024 பிப்ரவரி 14இல் வந்தது, ஆஸ்பையர் நிறுவனம் செய்தது. உள்ளே இருப்பவை 1996, 1997, 1998ஆம் ஆண்டுகளின் கேம்கள். ஒரு பட்டனைத் தட்டினால் பழைய முகம், இன்னொரு தட்டுக்குப் புது முகம். பிரச்சினை என்னவென்றால், புது முகத்தில் ஒளியமைப்பை அழகாக்குகிறேன் என்று சில அறைகளை இருட்டாக்கிவிட்டார்கள். சாவி எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. பழைய கிராபிக்ஸுக்கு மாற்றினால் பளிச்சென்று தெரியும். பஸ்ஸில் ஜன்னல் வெயில் வேறு திரையில் அடிக்கும்போது, பாதி நேரம் நான் பழைய முகத்தில்தான் விளையாடுகிறேன்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும் முதல் ஒரு மணி நேரம். மேப் இல்லை, அம்புக்குறி இல்லை, "அங்கே பாரு" என்று காதில் சொல்ல யாரும் இல்லை. ஆனால் இந்தக் கேமின் உலகம் முழுவதும் சதுரக் கட்டங்களால் ஆனது என்று புரிந்த நிமிடத்தில் எல்லாம் மாறிவிடும். நின்ற இடத்திலிருந்து குதித்தால் நாயகி லாரா ஒரு கட்டத்தைத் தாண்டுவாள். ஓடிக் குதித்தால் இரண்டு. ஓடிக் குதித்து விளிம்பைப் பிடித்தால் மூன்று. ஆகவே பள்ளத்தின் ஓரம் வரை மெதுவாக நடந்து போய் நின்று, பின்பக்கமாக ஒரு குதி குதித்து இடம் விட்டு, அங்கிருந்து ஓடித் தாவ வேண்டும். இது நிச்சயம் எட்டும், அது நிச்சயம் எட்டாது என்று பார்வையிலேயே அளக்கப் பழகிவிடுவோம். அதற்குப் பிறகு எதிரே இருக்கும் ஒவ்வொரு மேடையும் ஒரு கேள்வி. அங்கே போக முடியும் என்றால் ஏன் போக முடிகிறது? யாரோ எதற்காகவோ அங்கே வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஏறிப் போய்ப் பார்த்தால் ரகசிய இடம், கூடவே அந்தச் சின்ன மணியோசை. கோல்டன் அபிஸில் கிடைத்த அத்தனை மினுமினுப்பும் சேர்ந்து தராத சந்தோஷம் அந்த ஓசையில் இருக்கிறது. புதையல் வேட்டை என்றால் எனக்கு இதுதான்.

கன்ட்ரோலில் நவீன முறையும் உண்டு, பழைய டாங்கி முறையும் (இடவலம் அமுக்கினால் நின்ற இடத்திலேயே திரும்புவாள், முன்னால் அமுக்கினால் பார்க்கும் பக்கம் போவாள்) உண்டு. பழையதையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய முறையில் லாரா ஓடுவது லேசாக இருக்கும், ஆனால் கட்டக் கணக்குத் தப்பிவிடும். நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம் என்பது பஸ் பயணிக்குக் கடவுள் கொடுத்த வரம். சாய்த்தல், தேய்த்தல் எதுவும் இல்லாததால் ரோடு எப்படி இருந்தாலும் கவலையில்லை.

மூன்றாம் பாகம் தொடங்குவதே இந்தியாவில்தான். முதலில் காடு, பிறகு ஒரு பாழடைந்த கோயில், கங்கை, காளியன் குகை. குரங்கு வந்து மருந்துப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும், ஒகேனக்கல் பக்கம் பிரசாதப் பையைப் பறிகொடுத்தவர்களுக்கு லாராவின் கோபம் புரியும். கோயிலுக்குள் பல கைகளும் கை நிறையக் கத்தியுமாக நிற்கும் சிவன் சிலைகள் உயிர்பெற்று வெட்ட வரும். 1998இல் இங்கிலாந்தின் டெர்பியில் உட்கார்ந்து செய்தவர்களுக்குச் சிவன் அப்படித்தான் தெரிந்திருக்கிறார். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். நான் சிரித்தேன்.

பிஎஸ்பி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2006இன் லெஜண்ட், 2007இன் ஆனிவர்சரி இரண்டுமே நல்ல கேம்கள், ஆனால் பிஎஸ்பி அவற்றுக்கு ஏற்ற இடமில்லை. அதில் ஒரே ஓர் அனலாக் குமிழ்தான், கேமராவைத் திருப்பத் தனிக் குச்சி கிடையாது. தாவல் கேமில் எங்கே குதிக்கிறோம் என்று பார்க்க முடியாவிட்டால் என்ன மிச்சம்? வீட்டில் பிஎஸ்பி சும்மா கிடந்தால் ஆனிவர்சரியைப் போட்டுப் பாருங்கள், முதல் பாகத்தையே புதிதாகக் கட்டியது அது. இதற்கென்று தேடிப்போய் வாங்காதீர்கள்.

லாஸ்ட் லெகசி விஷயம் வேறு. 2017இல் பிஎஸ்4க்கு வந்து, 2022 அக்டோபரில் கணினிக்கு வந்த கேம். அந்த வழியாகத்தான் ஸ்டீம் டெக்கில் ஓடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் ஹொய்சளர் விட்டுப்போன பிள்ளையார் தந்தத்தைத் தேடிப் போகிறார்கள் நாயகிகள் குளோயியும் நடினும். ஹொய்சளர் என்றதும் பேலூர், ஹளேபீடு என்று கர்நாடகாவைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹொய்சள வீர ராமநாதன் குந்தாணியிலிருந்து ஆண்டான், அந்தக் குந்தாணி இன்றைக்கு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. கேமில் இந்தச் செய்தி இல்லை, எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்து ஹொய்சளப் புதையலைத் தேடும்போது லேசாகச் சிரிப்பு வருவதைத் தடுக்க முடியவில்லை.

இதன் நாலாவது அத்தியாயம் ஒரு பரந்த வெளி. ஜீப்பில் நம் இஷ்டத்துக்குச் சுற்றலாம், மேப்பில் நாமே குறித்துக்கொள்ளலாம். அங்கங்கே ஒளித்து வைத்த 11 ஹொய்சள வில்லைகளைச் சேர்த்தால் ராணியின் மாணிக்கம் பதித்த காப்பு கிடைக்கும், பக்கத்தில் புதையல் இருந்தால் அது அதிர்ந்து சொல்லும். அன்சார்ட்டட் வரிசையில் தேடலுக்கு ஓரளவு மரியாதை கொடுத்த பாகம் இதுதான். அழகிலும் நாலில் இதுவே முதல்.

ஆனால் டெக் முதல் மாடலின் எடை 669 கிராம். வீட்டாவைப் போல இரண்டரை மடங்கு. நின்றுகொண்டு போகும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து இதை விளையாட முடியாது, உட்கார்ந்தாலும் பக்கத்து சீட்டுக்காரர் முழங்கை இடிக்கும். கேம் நூறு ஜிபிக்கு மேல் இடம் கேட்கிறது. இவ்வளவு பெரிய கேமை ஓட்டும்போது பேட்டரி கடகடவென்று இறங்கும். இது சனி, ஞாயிறு வீட்டில் கால் நீட்டி விளையாடுகிற சமாச்சாரம்.

கல்லூரிக்குப் போகிற தம்பி ஒருத்தன், "அண்ணா, இதெல்லாம் வாங்கக் காசு இல்ல, போன்ல என்ன விளையாடறது?" என்று கேட்டான். 'லாரா கிராஃப்ட் கோ' என்றேன். 2015இல் வந்தது. கட்டம் கட்டமாக நகர்த்தும் புதிர், நீ ஓர் அடி வைத்தால் பல்லியும் சிலந்தியும் ஓர் அடி வைக்கும். ஒரு கை போதும், அவசரம் இல்லை. சண்டையும் ஓட்டமும் எதிர்பார்த்தால் கிடைக்காது. பழைய டூம் ரைடரின் அந்தக் கட்டக் கணக்கை மட்டும் சாறு பிழிந்து கொடுத்திருக்கிறார்கள்.

புதிதாக ஒரு கருவி வாங்கப் போகிறவருக்கு என் ஓட்டு ஸ்விட்ச்சுக்கு. ஸ்விட்ச் லைட் என்ற சின்ன மாடலே போதும், கைக்கும் அடக்கம். கோல்டன் அபிஸ் மேல் ஆசை இருந்தால் வீட்டா ஒன்றுதான் வழி. அது பிஎஸ்4க்கும் வரவில்லை, பிஎஸ்5க்கும் வரவில்லை. அதே வீட்டா கேம்களை டிவியில் ஓட்டுவதற்கென்று சோனி விற்ற சின்னப் பெட்டியில்கூட இது ஓடாது. வீட்டா தயாரிப்பு 2019லேயே நின்றுவிட்டதால் செகண்ட் ஹேண்ட்தான். பெங்களூரு மெஜஸ்டிக் பக்கம் தேடினால் கிடைக்கும். மேலே கீறல் இல்லாததைப் பார்த்து மயங்காமல், கடையிலேயே ஆன் செய்து கேமராவைத் திறந்து பாருங்கள், பின்பக்க டச் வேலை செய்கிறதா என்று தடவிப் பாருங்கள், குச்சியைத் தொடாமலே பொம்மை நகர்கிறதா என்று கவனியுங்கள். மெமரி கார்டு உள்ளே இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண எஸ்டி கார்டு அதில் ஏறாது, அதற்கென்றே உள்ள கார்டைத் தனியாகத் தேடி வாங்கினால் பல நேரம் கேமை விட அதற்குத்தான் அதிகம் அழ வேண்டியிருக்கும்.