தேய்ந்த ரோமக் காசும் ஓசிஆர்இ தளமும்: சில ஆண்டு அனுபவம்

ரோமப் பேரரசுக் காசு எது கைக்கு வந்தாலும் சில ஆண்டுகளாக நான் முதலில் திறப்பது, காசின் வகையைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் ஓசிஆர்இ (OCRE) தளத்தைத்தான். அமெரிக்க நாணயவியல் கழகமும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துகிற இலவசத் தளம். சேகரிப்பாளர்கள் ஆர்ஐசி என்று சொல்லும் பெரிய அட்டவணை நூல் வரிசை, பேரரசர் அகஸ்டஸ் தொடங்கி கி.பி. 491-இல் இறந்த பேரரசர் ஜீனோ வரை, இதில் இருக்கிறது. அந்தத் தொகுதிகளின் விலையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வெள்ளிக் காசில் வேலை சுலபம். கோவை வட்டாரப் புதையல்களில் நிறையக் கிடைத்த பேரரசர் திபேரியஸின் தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் பெண், சுற்றிலும் ‘பொன்டிஃப் மேக்சிம்’ (PONTIF MAXIM) என்ற எழுத்து. அந்தச் சொல்லைத் தட்டினாலே வந்துவிடும். பிறகு நாற்காலிக் கால் சாதாவா கடைசலா, அடியில் கோடு எத்தனை என்று பார்த்து வகை பிரிக்க வேண்டியதுதான்.

நான்காம் நூற்றாண்டுச் செப்புக் காசுதான் பொறுமையைக் கேட்கும். பேரரசர் பெயரைப் படிக்க முயன்று பலர் சோர்ந்துபோகிறார்கள். அதில் முகமெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு வீரர்கள் எதிரெதிரே நிற்கிறார்களா? நடுவில் படைக்கொடி இரண்டு என்றால் 330–335 வாக்கில் அடித்தது. ஒன்றுதான் என்றால் அதற்குப் பிந்தியது, எடையும் குறைவு. அடுத்து, வீரர்களின் காலடியில் உள்ள அக்கசாலைக் குறி, அதாவது காசு அடித்த ஊரைக் காட்டும் எழுத்து. ‘எஸ்எம்ஏஎன்’ (SMAN) என்றால் அந்தியோக்கியா. நேர் வெளிச்சத்தில் அது தெரியாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்துத் திருப்பினால் எழுத்தின் நிழல் எழும்பும். கிடைத்த இரண்டு மூன்று எழுத்தோடு அக்கசாலையையும் சேர்த்துத் தேடினால் நூற்றுக்கணக்கான வகைகள் ஏழெட்டாகச் சுருங்கிவிடும். எனக்கு இந்தத் தளத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

எல்லா வகைக்கும் படம் இருக்காது. சிலவற்றுக்கு வருணனை மட்டும்தான். கிரேக்க எழுத்துள்ள மாகாணக் காசுகளை இதில் தேடாதீர்கள், அதற்கு ஆர்பிசி என்ற தனித் தளம் இருக்கிறது. இலங்கையில் கிடைக்கும் சிறு செப்புக் காசுகளில் ரோமக் காசைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்தவையும் உண்டு. எழுத்து வெறும் கோடும் புள்ளியுமாக இருந்தால் அந்தச் சந்தேகம் வரவேண்டும். அவற்றுக்கு ஆர்ஐசி எண் கிடையாது. அகழாய்வு அறிக்கைகளைத்தான் புரட்ட வேண்டும்.