இழுபடும் சென்சாருக்கு உணர்திறன் கூட்டுவது எப்படி: விரிசலா, சட்டகமா?

நாடித் துடிப்பில் மணிக்கட்டுத் தோல் அசைவது மிகக் கொஞ்சம். முழங்கை மடங்கும்போதோ தோல் பல பத்து சதவீதம் நீள்கிறது. தோலில் ஒட்டி, அதோடு சேர்ந்து நீண்டு அசைவை அளக்கும் இழுபடும் சென்சார் ஒன்றிலேயே இரண்டையும் அளக்க நினைத்தால் சிக்கல்தான்.

உணர்திறனின் அளவு கேஜ் ஃபேக்டர்: மின்தடை மாறும் விகிதத்தை நீட்சி விகிதத்தால் வகுத்தால் வருவது. மெல்லிய உலோகத்தாளால் ஆன வழக்கமான நீட்சி அளவிக்கு (கேஜ்) அது சுமார் 2. சில சதவீதத்துக்கு மேல் அந்த அளவி நீளவும் நீளாது.

எண்ணை மட்டும் பார்த்தால் விரிசல் வழிதான் முன்னால் நிற்கும். 2014இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகக் குழு, சிலந்திக் காலில் அதிர்வை உணரும் பிளவுகளைப் பின்பற்றி, 20 நானோமீட்டர் தடிமனுள்ள பிளாட்டினப் படலத்தில் வேண்டுமென்றே விரிசல் விட்டது. இழுத்தால் விளிம்புகள் விலகும், தொடும் இடங்கள் குறையும், மின்தடை எகிறும். கேஜ் ஃபேக்டர் 2000ஐத் தாண்டியது. ஆனால் நீட்சி வெறும் 2 சதவீதம் வரைதான்.

ஜப்பானில் 2011இல் வந்த கார்பன் நானோகுழாய்ப் படலம் இதற்கு நேரெதிர். 280 சதவீதம் வரை நீண்டது. கேஜ் ஃபேக்டர் 1ஐக்கூட எட்டவில்லை. மின்தடைக்குப் பதில் மின்தேக்குத்திறன் மாறுவதை அளக்கும் மின்தேக்கி வகையும் ஏறக்குறைய 1தான், ஆனால் அளவு சீராக வரும்.

என்னை மிகவும் ஈர்ப்பது 2018இல் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு காட்டிய வழி. ரப்பரை நீளவாக்கில் இழுத்தால் அகலம் சுருங்கும். அந்தச் சுருக்கம் கடத்தும் பொருளை மறுபடி நெருக்கிவிடுவதால், நீட்சியில் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடுகிறது. இழுத்தால் அகலத்திலும் விரியும்படி, உள்நோக்கி மடிந்த கைகள் கொண்ட சட்டகத்தை அவர்கள் சேர்த்தார்கள். நெருக்கம் குறைந்தது, நீட்சியும் சில இடங்களில் குவிந்தது, நுண்விரிசல்கள் நீண்டன. சாதாரண சென்சாரைவிட உணர்திறன் 24 மடங்கு! கடத்தும் பொருள் வேறாக இருந்தாலும் இதே உத்தியைப் பொருத்திப் பார்க்கலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். சரி, குறை இல்லையா? உண்டு. சட்டகத்தின் உள்மடிந்த கைகள் நிமிர்ந்த பிறகு பக்கவாட்டில் விரிய இடமில்லை.

நாடி, தொண்டை அதிர்வு மட்டும் போதுமென்றால் விரிசலை எடுக்கலாம். மூட்டு அசைவுக்கு நானோகுழாயோ மின்தேக்கியோ போதும். நீண்டிருக்கும் தோலிலேயே சிறு அசைவையும் பிடிக்க வேண்டுமென்றால், என் தேர்வு சட்டகம்தான். எதை எடுத்தாலும் இழுத்து விடும்போது மின்தடை போன வழியிலேயே திரும்புகிறதா என்ற வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேஜ் ஃபேக்டரை அப்புறம் பார்க்கலாம்.