சிறுவிடைப் பெட்டைக்கு எந்த சேவல்: லெகார்னா, ரோட் ஐலண்ட் ரெட்டா?

சிறுவிடைங்கிற நம்ம சின்ன நாட்டுக்கோழி வருசத்துக்கு 60, 70 முட்டைதான் போடும், அதுவும் பத்து பதினஞ்சு போட்டதும் அடைக்கு உக்காந்துரும், அதான் வேற இனச் சேவலோட கிராஸ் பண்ற ஆசையே வருது. முட்டைக் கணக்கு மட்டும் பாத்தா லெகார்ன் சேவல்தான், அந்த இனம் நல்ல தீவனத்துல வருசத்துக்கு 250க்கு மேல போடும், குஞ்சுக்கு றெக்கை இறகும் சீக்கிரமே முளைச்சிரும். ஆனா லெகார்னோட வெள்ளை இருக்கே, அது மத்த கலரை அமுக்கிரும், தாய் கருப்பா இருந்தாலும் குஞ்சு பெரும்பாலும் வெள்ளைதான், அங்கங்க ஒரு கரும்புள்ளி. மேய விட்டா பருந்துக்கு தூரத்துலயே தெரியும், சந்தையில தூக்கிப் பாத்துட்டு "இது பண்ணைக்கோழிங்க"ன்னு வெலைய அடிச்சிருவாங்க. அடையும் சரியா உக்காராது, இன்குபேட்டர் இல்லாதவங்க என்ன பண்றது?

ரோட் ஐலண்ட் ரெட் போட்டா முட்டை கொஞ்சம் கம்மி, ஆனா செவப்பும் கருப்பும் கலந்து இறகு மினுமினுன்னு வரும், ஓடு வெளிர் பழுப்பு, நாட்டு முட்டைன்னே போகும், உடம்பும் கனம். என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா ஒண்ணு, கிராஸ் குஞ்சுகளையே திரும்ப ஒண்ணுக்கொண்ணு சேத்தீங்கன்னா அடுத்த தலைமுறையில கலரு, முட்டை எல்லாம் ஒண்ணுக்கொண்ணு மாறி வரும், அதனால சுத்த சிறுவிடை நாலஞ்ச தனியா அடைச்சு வச்சிக்கங்க.