உப்புக்காற்றில் இறுகிய சைலன்சர் பைப்: எண்ணெயா, நெருப்பா, உளியா, கட்டிங் வீலா?

பாம்பன், மண்டபம் பக்கம் மீன் லோடு ஓடும் குட்டியானைக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பாருங்கள். பைப் எங்கே முடிகிறது, கிளாம்ப் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. எல்லாம் ஒரே செம்பழுப்பு. கச்சான் காற்று கொண்டுவரும் உப்பு ஒரு பக்கம், மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் இன்னொரு பக்கம். போதாக்குறைக்குப் பைப்புக்கு உள்ளேயும் துரு பிடிக்கும். டீசல் எரியும்போது நீராவி உண்டாகிறது. ஜெட்டிக்கும் ஐஸ் கம்பெனிக்கும் நடுவே குட்டைக் குட்டையாக ஓட்டினால், சைலன்சர் முழுசாகச் சூடாவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுகிறோம். அந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டி சும்மா நிற்பது அதைவிடக் கெடுதல். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆட்கள் இரும்பு அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் இடம் பிடித்தது காரணமில்லாமல் இல்லை.

நாமும் பெரும்பாலும் அந்தத் தடைக்காலத்தில்தான் ரிப்பேர் வேலையில் இறங்குகிறோம். அப்போது இறுகிய பைப்பைப் பிரிக்க ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். நான் எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறேன். எல்லா வழியும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பைப்புக்குள் பைப் நுழைந்த ஜாயின்ட்டுக்கு ஒரு வைத்தியம், போல்ட் நட்டுக்கு வேறு வைத்தியம். அதைவிட முக்கியம், இரண்டு பைப்பில் எது மறுபடி வேண்டும், எது பழைய இரும்புக் கடைக்குப் போகப்போகிறது என்பதைச் சுத்தியலைக் கையில் எடுக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் எண்ணெய். மண்ணெண்ணெய், துரு இளக்கும் ஸ்ப்ரே, எதுவானாலும் நட்டுக்கு நன்றாக வேலை செய்யும். பலர் டபிள்யூடி-40 வாங்கி வருகிறார்கள். நீல டப்பாவில் வரும் சாதா டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட 1953-இல் உருவாக்கியது. துருவை ஊடுருவ என்றே விற்கும் எண்ணெய் இதைவிட மேல். அடித்த உடனே ஸ்பேனர் போடக்கூடாது. கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துவிட்டு முந்தைய நாள் சாயங்காலம் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை, காலையில் ஒருமுறை அடியுங்கள். ஆனால் பைப் ஜாயின்ட்டில் எண்ணெயை நம்பி நாளைக் கழிக்காதீர்கள். துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் அடைக்கும். இரண்டு பைப்புக்கும் நடுவே ஆப்பு இறக்கினது மாதிரி இறுகிக் கிடக்கும்போது எண்ணெய் போக வழி ஏது?

அடுத்தது சுத்தியல். தனியாகப் பைப்பைப் பிரிக்காது, துணைக்கு நல்லது. ஜாயின்ட்டின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கம் சின்னச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டினால் துரு அப்பளம் மாதிரி உதிரும். பிறகு பைப்பை இழுக்கக்கூடாது, இடவலமாகத் திருக வேண்டும். கிளாம்ப் அழுத்திய இடத்தில் இரண்டு பைப்பும் சேர்ந்து குழிந்திருந்தால் எவ்வளவு திருகினாலும் வராது. நேரே உளிக்குப் போங்கள்.

நெருப்புக்குச் சக்தி அதிகம், ஆபத்தும் அதிகம். இரண்டு அங்குல வெளிப்பைப்பை 300 டிகிரி கூட்டினால் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். பார்க்கச் சின்ன அளவு, துருவின் பிடியை உடைக்க அது போதும். சூடு வெளிப்பைப்புக்கு மட்டும் போக வேண்டும். உள்பைப்பும் சேர்ந்து சூடானால் அதுவும் விரிந்து பழையபடி இறுகிவிடும். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டின் ஸ்டட்டில் (தலையில்லாத மரைத் தண்டில்) இருக்கும் நட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பட்டறை அண்ணன் காட்டிய கைவேலை ஒன்று: நட்டை மங்கலாகச் சிவக்கும்வரை சுட்டார், சிவப்பு அடங்கியதும் ஒரு மெழுகுவர்த்தியை அதன் விளிம்பில் வைத்தார். மெழுகு உஸ்ஸென்று உருகி மரைக்குள் தானே இழுத்துக்கொண்டு போனது. "அவசரப்படாதே தம்பி, முதல்ல கொஞ்சம் முடுக்கு, அப்புறம் கழட்டு" என்றார். கால் சுற்று போனால் பாதி திரும்பி வா, மறுபடி போ. அப்படியே மூன்று ஸ்டட்டும் முழுசாக வந்தன. வம்புக்கு முறுக்கியிருந்தால் ஒன்றாவது முறிந்திருக்கும். முறிந்த ஸ்டட்டைத் துளைபோட்டு எடுப்பது லேத் பட்டறை வேலை.

ஆனால் டீசல் டேங்க், பிரேக் பைப், ஒயர், சைலன்சரைத் தாங்கும் ரப்பர் தொங்கட்டான் எதுவும் பக்கத்தில் இருந்தால் நெருப்பை மறந்துவிடுங்கள். எண்ணெய் சொட்டிக்கொண்டிருக்கும்போதும் வேண்டாம். பிரேக் கிளீனர் அடித்த இடத்தைச் சுடவே கூடாது. சில வகையிலிருந்து உயிருக்கு ஆபத்தான வாயு வரும்.

இனி என் கட்சி, உளி. பின்பக்கச் சைலன்சரை மாற்றப்போகிறோம், முன்பைப் வேண்டும் என்றால் இதற்கு இணை கிடையாது. வெளியே இருப்பது போகப்போகிற பைப்பாக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. ஜாயின்ட் ஒன்றரை, இரண்டு அங்குல நீளம் இருக்கும். ஆக்ஸா பிளேடாலோ கிரைண்டராலோ வெளிப்பைப்பில் மட்டும் நீளவாட்டில் ஒரு கீறல் போடுங்கள். வெளித்தகடு முடிந்து துருக்கோடு தெரியும் இடத்தில் கை நிற்க வேண்டும். அந்தக் கீறலில் தட்டை உளியைச் சாய்த்து வைத்துத் தட்டினால் தகடு ஓலைச் சுருளாகச் சுருண்டு பிரியும். உள்பைப்பில் மெல்லிய கோடு விழுந்தாலும் பரவாயில்லை, ஜாயின்ட் பேஸ்ட் அடைத்துவிடும். அரைமணி நேர வேலை, நெருப்பு வேண்டாம்.

வேண்டியது வெளிப்பைப் என்றால் உளி உதவாது. உள்பைப்பை ஜாயின்ட்டுக்கு வெளியே அறுத்துவிட்டு, உள்ளே மிஞ்சும் துண்டைப் பிளேடால் கீறி உள்பக்கமாக மடக்கி எடுக்க வேண்டும், பொறுமையைச் சோதிக்கும்.

கட்டிங் வீலால் ஒரேயடியாக அறுப்பது ஐந்து நிமிடம். இரண்டு பைப்பும் போகப்போகிறது என்றால் அதையே செய்யுங்கள். இல்லையென்றால் அறுத்த இடத்தில் ஸ்லீவ் போட்டு வெல்டிங் வைக்க வேண்டும். அந்த வெல்டிங் ஓரம்தான் நம் ஊரில் முதலில் துளைவிடும். 2020-க்குப் பிந்தைய பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் புகை வடிகட்டும் டப்பாக்களும் சென்சார்களும் பைப்பில் இருப்பதால் அங்கே வீலைக் கொண்டுபோகவே வேண்டாம். பொறி கண்ணில் விழாமல் கண்ணாடி கட்டாயம்.

எந்த வழியானாலும் வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள். கடற்கரை மணலில் ஜாக்கி கண்ணெதிரே புதையும். கீழே கனமான பலகை போட்டு, சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது மரையிலும் ஜாயின்ட்டிலும் செம்புத்தூள் கலந்த காப்பர் கிரீஸ் தடவுங்கள். சாதா கிரீஸ் அந்தச் சூட்டில் எரிந்துபோகும். போன தடைக்காலத்தில் அப்படித் தடவிப் போட்ட பின்பக்கக் கிளாம்ப் நட்டு இந்த ஜூனில் 13 ஸ்பேனர் ஒன்றிலேயே கழன்று வந்தது, மரையில் செம்பு நிறம் இன்னும் இருந்தது.