வாசலில் நிற்பவரைக் காணோம்: டிஸ்ஸோ கேன்வாஸ் பிரிண்ட், 5 நட்சத்திரத்துக்கு 2

ஆன்லைன் கடை ஒன்றில் பிரெஞ்சு ஓவியர் ஜேம்ஸ் டிஸ்ஸோ 1868இல் வரைந்து முடித்த ‘ரூ ரோயால் கிளப்’ ஓவியத்தின் கேன்வாஸ் பிரிண்ட் வாங்கினேன், 24க்கு 18 அங்குலம், மர ஃபிரேமோடு. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேக்கிங் கெட்டி, மூலையில் ஒரு நசுங்கல்கூட இல்லை. மலிவான பிரிண்டில் கறுப்பு கோட்டெல்லாம் ஒரே திட்டாகிவிடும், இதில் துணியின் மடிப்புவரை தெரிகிறது. கீழே படுத்திருக்கும் டால்மேஷன் நாயின் புள்ளிகளும் தெளிவு.

ஆனால் படத்தில் 12 ஆண்கள் இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் 11 பேர்தான்.

மூல ஓவியம் சுமார் 175 செ.மீ. உயரம், 281 செ.மீ. அகலம். அதை 24க்கு 18இல் அடக்க வேண்டுமென்றால் அகலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை வெட்டியாக வேண்டும், இவர்கள் மொத்தத்தையும் வலது பக்கம் வெட்டிவிட்டார்கள். அங்கேதான் ஷார்ல் ஹாஸ் நிற்கிறார்.

ஓரத்தில் யாரோ ஒருவர்தானே என்று விட எனக்கு மனம் வரவில்லை. 1852இல் பாரிஸில் தொடங்கிய அந்த கிளப்பின் உறுப்பினர்கள், கொன்கோர்டு சதுக்கத்தைப் பார்த்த மாடத்தில் கூடியிருக்கும் படம் இது. பெரும்பாலும் மார்க்கி, கவுண்ட், பாரன் என்று பிரபுப் பட்டம் உள்ளவர்கள், பிறந்ததிலிருந்தே அந்த இடம் தங்களுக்குச் சொந்தம் என்பதுபோல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஹாஸுக்குப் பட்டம் கிடையாது, யூதர். அவர் மட்டும் உள்ளறைக்கும் மாடத்துக்கும் நடுவே வாசலில் நிற்கிறார், உள்ளே வந்துவிட்டாரா இல்லையா என்று எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. பிற்பாடு பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் தன் நாவலின் ஸ்வான் பாத்திரத்துக்கு இவரைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டார். என்னைக் கேட்டால் இந்த ஓவியத்தின் உயிரே அந்த வாசல்தான்.

இத்தனைக்கும் 12 பேரும் ஆளுக்கு 1,000 பிராங்க் சரிசமமாகப் போட்டு வரையச் சொன்ன படம். யாருக்குப் போவது என்று சீட்டுக் குலுக்கியதில் பாரன் ஒட்டிங்கேருக்கு விழுந்தது, 2011இல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் வாங்கும்வரை அவர் குடும்பத்திலேயே இருந்தது. கொடுத்த காசுக்கு எல்லோருக்கும் சமமான இடம் இருந்த படத்தில் ஒருவரை மட்டும் இப்படி எடுத்துவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

கடைக்காரர்களிடம் கேட்டேன். ஸ்டாண்டர்ட் சைஸ் சார், ஓரம் கொஞ்சம் போகத்தான் செய்யும் என்றார்கள். சரி, மாற்றித் தாருங்கள் என்றால் புது ஆர்டர்தான் போட வேண்டுமாம்.

வாங்க நினைப்பவர்கள் 24க்கு 15 அல்லது 32க்கு 20 என்று கேளுங்கள், கிட்டத்தட்ட முழுப் படமும் வந்துவிடும். பணம் கட்டுவதற்கு முன்னால் மாதிரியை அனுப்பச் சொல்லி, வலது ஓரத்தில் வாசலும் அதில் ஆளும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.