லாபெல் 108 எண்ணெய், 106 கிரீஸ்: ரயில் மாடல் இன்ஜின் இரைச்சலுக்கு வாங்கலாமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாபெல் கம்பெனியின் 108 எண்ணெயைத் தாராளமாக வாங்கலாம். 106 கிரீஸ், போகியை, அதாவது இன்ஜினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் பகுதியை, கழற்றி கியர்களைக் கழுவும் பொறுமை இருந்தால் மட்டும். எங்கிருந்து சத்தம் வருகிறது என்று பார்க்காமல் இரண்டையும் வாங்கி ஊற்றலாம் என்று நினைப்பவர்கள் அந்தப் பணத்துக்கு நாலு சரக்குப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது ஹெச்.ஓ அளவில் ஒரு ஆல்கோ ஆர்.எஸ்-11 (அமெரிக்க டீசல் இன்ஜினின் மாடல்), செகண்ட் ஹேண்ட், பல வருடம் பெட்டியைவிட்டு வெளியே வராத சரக்கு. நம்ம ஊர் டபிள்யூ.டி.எம்-2 டீசலை வடிவமைத்த அதே ஆல்கோதான், இரண்டுக்குள்ளும் இருப்பது 251 வகை எஞ்சின், அதனால் அதன் மேல் ஒரு தனிப் பாசம். நிஜ ஆல்கோ உறுமினால் பிளாட்பாரத்தில் நின்று ரசிக்கலாம். 87-ல் ஒரு பங்கு அளவில் இருப்பது மிக்ஸி மாதிரி அலறினால் வீட்டில் யார் பொறுப்பார்கள்?

இந்த வகை மாடல்களில் மோட்டார் நடுவில் இருக்கும், இரண்டு பக்கமும் ஃப்ளைவீல், அங்கிருந்து ஷாஃப்ட் போய் போகிக்கு மேலே உள்ள வார்ம் கியரை, அதாவது திருகு மாதிரி இருக்கும் கியரை, சுற்றும். பாடியைக் கழற்றி, இரண்டு ஷாஃப்டையும் எடுத்துவிட்டு, மோட்டாரை மட்டும் தனியாக 12 வோல்ட் வரை ஓட்டிப் பாருங்கள். மோட்டார் அமைதியாக ஓடினால் அதைத் தொடவே வேண்டாம், பிரச்சினை ஷாஃப்டிலோ கியரிலோ இருக்கிறது. தனியாக ஓடும்போதும் கீச்சென்று கத்தினால் பெரும்பாலும் பேரிங் காய்ந்திருக்கிறது, இல்லையென்றால் கார்பன் பிரஷ்.

பேரிங் என்றால் 108-க்கு வேலை வந்துவிட்டது. இந்த மோட்டார்களில் பெரும்பாலும் இருப்பது எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் வெண்கல புஷ், ஷாஃப்ட் உள்ளே சுழலும் சின்ன வளையம். வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது வற்றிவிடும். 108 தண்ணீர் போல மெல்லியது, பாட்டில் முனையில் ஊசி இருப்பதால் ஷாஃப்ட் புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் சரியாக வைக்கலாம். ஒரு துளிகூட வேண்டாம், ஊசி நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பதே போதும். வைத்துவிட்டு முன்னும் பின்னுமாகக் கொஞ்ச நேரம் ஓட்டியதும் என் மோட்டாரின் கீச்சல் அப்படியே அடங்கியது, அதற்கப்புறம் திரும்பவும் வரவில்லை. அதிகமாக விட்டால் எண்ணெய் தெறித்து கம்யூட்டேட்டரில் (கார்பன் பிரஷ் உரசும் செப்புப் பகுதி) விழும், கார்பன் தூளோடு சேர்ந்து கறுப்புக் களிம்பாகி இடுக்குகளை அடைக்கும், மோட்டார் சூடாக ஆரம்பிக்கும். அப்படி ஆகியிருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை பட்ஸில் நனைத்துத் துடைக்க வேண்டும்.

தையல் மெஷின் எண்ணெய் போதாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெறும் உலோக புஷ்ஷுக்கு அது நன்றாகவே வேலை செய்யும், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் இன்சுலின் சிரிஞ்சில் எடுத்து வைத்தால் ஊசி பாட்டிலும் தேவையில்லை. ஆனால் போகியில் அச்சு முனைகள் பிளாஸ்டிக்கில்தான் உட்கார்ந்திருக்கும், சில பெட்ரோலிய எண்ணெய்கள் சில வகைப் பிளாஸ்டிக்கை விரிசல் விட வைக்கும். லாபெல் பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கொள்ளும், நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த நிம்மதிக்குத்தான். துரு நீக்கும் ஸ்ப்ரே வேண்டாம், அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். தேங்காய் எண்ணெய் கண்டிப்பாக வேண்டாம், 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைகிற சமாச்சாரம் அது.

106 வேறு கதை. டெஃப்ளான் கலந்த கிரீஸ், வார்ம் கியருக்கு ஏற்றதுதான். என் போகியைத் திறந்தபோது பழைய கிரீஸ் மஞ்சள் மெழுகாக இறுகிக் கிடந்தது. அதன் மேல் புதிதாக எதைப் பூசினாலும் வீண். கியர்களை எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷால் தேய்த்து, ஈரம் போகக் காயவைத்து, அப்புறம் வார்ம் மேல் மட்டும் லேசாக ஒரு பொட்டு. கியர் சுற்றும்போது அதுவே பரப்பிக்கொள்ளும். அப்பி வைத்தால் மோட்டார்தான் திணறும். கழுவும்போதே பற்களுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா பாருங்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் ஒரு 'டிக்' கேட்டால் அச்சு கியர் விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மருந்து புது கியர்தான்.

எண்ணெயும் கிரீஸும் போட்டபிறகும் என் இன்ஜின் முன்னே போகும்போது பூனை, பின்னே வரும்போது கரகர. ஒரு திசையில் மட்டும் உறுமினால் சந்தேகப்பட வேண்டியது வார்ம் ஷாஃப்டின் பிளே, அதாவது ஷாஃப்ட் நீளவாக்கில் முன்னும் பின்னும் நகர்வது. விரலால் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த இடைவெளியில் மெல்லிய பித்தளை வாஷர் ஒன்றைப் போட்டேன், உறுமல் போயே போச்சு. முழுவதும் இறுக்கிவிடக் கூடாது, மயிரிழை அளவு ஆட்டம் இருக்க வேண்டும். மொத்த ரிப்பேரில் பெரிய வித்தியாசம் தந்தது இந்த வாஷர்தான், விலையில் மலிவும் அதுதான்.

டி.சி.சி, அதாவது தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை, வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். மெதுவாகப் போகும்போது மட்டும் 'ங்ங்ங்' என்று ரீங்காரம் வந்தால் எண்ணெய்ப் பாட்டிலைக் கீழே வையுங்கள். இன்ஜினுக்குள் அந்தக் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டும் சின்ன சர்க்யூட்தான் டீகோடர். பழைய டீகோடர்கள் குறைந்த அதிர்வெண்ணில் மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும், அந்தத் துடிப்புதான் கேட்கிறது. புதியவை காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஓட்டும். மோட்டாரை டீகோடரிலிருந்து பிரித்து சாதாரண டி.சி-யில் ஓட்டினால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் எண்ணெயைவிடத் தபால் செலவு கடிக்கும், நண்பர்கள் யாராவது வரும்போது சொல்லி வாங்குவது உத்தமம். சின்ன பாட்டில்தான், ஆனால் செலவாகும் அளவைப் பார்த்தால் பத்து இன்ஜின் வைத்திருந்தாலும் பல வருடம் வரும். எண்ணெய்க்கு ஐந்துக்கு நாலரை, கிரீஸுக்கு மூன்றரை.